தாத்தா கத்தரியின் முள், பேரன் கத்தரியில் வருமா? விதைக்குள் இருக்கும் வாரிசுக் கணக்கு!

சென்னையின் மேற்குப் பக்கம், அம்பத்தூருக்கும் மதுரவாயலுக்கும் இடையில் இருக்கிறது முகப்பேர். 'மகப்பேறு'தான் மருவி 'முகப்பேர்' ஆனது என்று ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. பிள்ளை வரம் வேண்டி இங்குள்ள சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்துவிட்டால் போதும், எந்த வீட்டிலும் அடுத்த விவாதம் ஆரம்பமாகிவிடும். "மூக்கு அப்படியே அவங்க அப்பா மாதிரி!" "இல்லவே இல்ல, தாத்தாவை உரிச்சு வெச்சிருக்கான்!"

அம்மாவிடமும் இல்லை, அப்பாவிடமும் இல்லை. ஆனால் தாத்தாவிடம் இருந்த ஏதோ ஒன்று பேரனிடம் வந்து நிற்கிறது. நடுவில் ஒரு தலைமுறை அது எங்கே போயிருந்தது?

இதற்குப் பதில், மொட்டைமாடியில் இருக்கும் கத்தரித் தொட்டியிலேயே இருக்கிறது.

மாடித்தோட்டம் போடும் பல வீடுகளில் நடப்பது இது. ஒரு வருடம் கடையில் ஹைபிரிட் கத்தரி விதை பாக்கெட் வாங்கி விதைக்கிறார்கள். அத்தனை செடியும் அச்சில் வார்த்ததுபோல ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே அளவு காய். 'இவ்வளவு நல்லா காய்க்குதே' என்று ஒரு காயைப் பழுக்கவிட்டு, விதையைப் பிரித்துக் காயவைத்து, டப்பாவில் போட்டு வைக்கிறார்கள். அடுத்த ஆடியில் அதை விதைத்தால், ஒரு செடியில் நீளக் காய், இன்னொன்றில் உருண்டைக் காய், மூன்றாவதில் காம்பில் முள்ளே இல்லை. "பாக்கெட்ல ஏதோ ஏமாத்திட்டாங்க" என்று வீட்டில் கோபம்.

உண்மையில் யாரும் ஏமாற்றவில்லை. அந்த வழவழப்பும் உருண்டையும் போன வருடச் செடிக்குள்ளேயே இருந்தவைதான். கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்தன, அவ்வளவே. எது ஒளியும், எது வெளியே வரும், வந்தால் எத்தனை செடியில் வரும் என்பதைப் பென்சிலும் பேப்பரும் இருந்தால் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம்.

8 வருடம் பட்டாணி எண்ணியவர்

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் கிரிகோர் மெண்டல். இன்றைய செக் நாட்டின் புர்னோ நகரில் ஒரு மடத்தில் துறவியாக இருந்தவர். 1856-ல் தொடங்கி சுமார் 8 வருடங்கள், மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஒன்றோடு ஒன்று கலந்து, பிறந்ததையெல்லாம் எண்ணிக்கொண்டே இருந்தார். அவர் கைப்பட்ட செடிகள் ஏறத்தாழ 28,000.

உருண்டைப் பட்டாணியையும் சுருங்கிய பட்டாணியையும் கலந்தார். பிறந்த பிள்ளைகள் அத்தனையும் உருண்டை. சுருக்கம் சுத்தமாகக் காணாமல் போய்விட்டது. வேறு யாராவது என்றால் 'உருண்டை ஜெயித்துவிட்டது' என்று முடித்திருப்பார்கள். மெண்டல் அந்தப் பிள்ளைச் செடிகளைத் தங்களுக்குள்ளேயே கருவுற விட்டு, பேரப்பிள்ளைகளையும் எண்ணினார். 5,474 உருண்டை. 1,850 சுருக்கம். காணாமல் போனது திரும்பி வந்துவிட்டது. அதுவும் ஏனோதானோவென்று இல்லை, ஏறக்குறைய சரியாக மூன்றுக்கு ஒன்று!

அவர் பார்த்த 7 பண்புகளிலும் இதே மூன்றுக்கு ஒன்றுதான். 1865-ல் இதைக் கட்டுரையாக வாசித்தார். அடுத்த ஆண்டு அச்சிலும் வந்தது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1884-ல் மெண்டல் இறந்துவிட்டார். 1900-ல் மூன்று விஞ்ஞானிகள் அவர் கணக்கைத் திரும்பக் கண்டெடுத்த பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது.

ரெண்டு நாணயம், நாலு கட்டம்

கணக்கு மிகவும் எளிது. ஒவ்வொரு பண்புக்கும் ஒரு செடியிடம் இரண்டு 'சீட்டு' இருக்கிறது. ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது. அந்தச் செடி தன் பிள்ளைக்குக் கொடுக்கும்போது இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும்தான் கொடுக்கும். எது போகும் என்பது நாணயம் சுண்டிப் போடுவது மாதிரி.

கத்தரிக்கே வருவோம். பல கத்தரி வகைகளில் முள் இருக்கும் தன்மை 'ஓங்கு பண்பு'. முள் இல்லாத தன்மை 'ஒடுங்கு பண்பு'. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் படித்த அதே வார்த்தைகள்தான். ஓங்கு பண்பின் சீட்டு ஒன்றே ஒன்று இருந்தாலும் அது வெளியே தெரிந்துவிடும். ஒடுங்கு பண்பு தெரிய வேண்டுமானால் இரண்டு சீட்டும் அதுவாகவே இருக்க வேண்டும்.

முள் சீட்டை 'மு' என்றும், வழவழப்பான காம்புக்கான சீட்டை 'வ' என்றும் வைத்துக்கொள்வோம். பரம்பரையாக முள் உள்ள கத்தரி 'முமு'. பரம்பரையாக முள் இல்லாதது 'வவ'. இரண்டையும் கலந்தால் பிள்ளைகள் எல்லாமே 'முவ'. பார்க்க அத்தனையிலும் முள். ஆனால் ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு 'வ' பதுங்கியிருக்கிறது.

இந்தப் பிள்ளைச் செடியின் விதையை எடுத்து விதைத்தால்?

அம்மா வழி மு, அப்பா வழி மு: முள்.
அம்மா வழி மு, அப்பா வழி வ: முள்.
அம்மா வழி வ, அப்பா வழி மு: முள்.
அம்மா வழி வ, அப்பா வழி வ: வழவழ.

மூன்று முள், ஒன்று வழவழ. மெண்டலின் மூன்றுக்கு ஒன்று இதுதான். இந்த நாலு வரியைச் சதுரக் கட்டமாகப் போட்டுக் காட்டியவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ரெஜினால்ட் புன்னட். பள்ளிப் பிள்ளைகள் பரீட்சையில் வரையும் 'புன்னட் கட்டம்' அவர் பெயரில்தான் இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் ஒரு ரகசியமும் உண்டு. வழவழப்பாக வந்த அந்த ஒரு செடியிடம் 'மு' சீட்டே கிடையாது. அதைப் பிற செடிகளோடு கலக்காமல் பார்த்துக்கொண்டால், அதன் வாரிசுகள் எல்லாமே வழவழதான். முள் உள்ள மூன்றில் ஒன்றே ஒன்றுதான் கலப்பில்லாத 'முமு'. மற்ற இரண்டும் உள்ளே 'வ'-வை வைத்துக்கொண்டு வெளியே முள்ளைக் காட்டுகின்றன. பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. விதை எடுத்து விதைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆக, ஒளிந்திருந்து வெளியே வந்த பண்பை நிலைநிறுத்துவது சுலபம். முதலிலிருந்தே கண்ணுக்குத் தெரிந்த பண்பை நிலைநிறுத்துவதுதான் சிரமம்!

ஓங்கு பண்பு என்றால் உயர்ந்தது, ஒடுங்கு பண்பு என்றால் மட்டமானது என்று அர்த்தமில்லை. சமையலறைக்கு எது வசதி என்று கேட்டால், காம்பில் முள் இல்லாததைத்தான் பலரும் சொல்வார்கள். அதே சமயம், வேலூர் மாவட்டத்தின் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. முள்ளுக்கும் மவுசு உண்டு.

4 தொட்டி போதாது, 11 வேண்டும்!

'நாலில் ஒன்று வழவழ' என்றால், நாலு தொட்டி வைத்தால் ஒன்று கட்டாயம் வருமா? வராது. பலர் சறுக்கும் இடம் இதுதான். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு பூ, ஒரு தலை என்று விழ வேண்டிய கட்டாயமில்லையே!

நாலு செடி வைத்தால் அதில் ஒன்றுகூட வழவழப்பாக வராமல் போக 32 சதவிகித வாய்ப்பு இருக்கிறது. 8 செடி வைத்தால் அது 10 சதவிகிதமாகக் குறையும். 11 செடி வைத்தால் 4 சதவிகிதம்தான். 16 செடி என்றால் வெறும் 1 சதவிகிதம். ஓர் ஒடுங்கு பண்பைத் தேடுகிறவர்கள் குறைந்தது 11 செடியாவது வளர்க்க வேண்டும் என்பது இதிலிருந்து வரும் பாடம்.

இரண்டு பண்பு ஒரே செடியில் வேண்டும் என்றால் கணக்கு கூடும். மெண்டல் இதையும் செய்து பார்த்தார். உருண்டையும் மஞ்சளுமான பட்டாணியை, சுருக்கமும் பச்சையுமான பட்டாணியோடு கலந்து, பேரப்பிள்ளைகளில் 556 விதைகளை எண்ணினார். உருண்டை மஞ்சள் 315, உருண்டை பச்சை 108, சுருக்க மஞ்சள் 101, சுருக்கப் பச்சை 32. அதாவது ஏறக்குறைய 9:3:3:1. இரண்டு ஒடுங்கு பண்பும் சேர்ந்து வருவது 16-ல் ஒன்று. அது 95 சதவிகிதம் நிச்சயமாகக் கிடைக்க 47 செடி வேண்டும். முகப்பேர் மொட்டைமாடியில் அவ்வளவு தொட்டிக்கு இடம் இருக்குமா என்பதை வீட்டு ஓனர்தான் சொல்ல வேண்டும்!

தனித்தனியே பிரியும் 10 ஒடுங்கு பண்புகள் ஒரே செடியில் வேண்டும் என்றால்? 10 லட்சத்து 48 ஆயிரத்துச் சொச்சம் செடிகளில் ஒன்றுதான் அப்படி வரும். புதுப் பயிர் ரகம் ஒன்று வெளிவர ஏன் இத்தனை வருடங்கள் ஆகின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பசியை விரட்டிய 'நாலில் ஒன்று'

இந்தக் கணக்கு கோடிக்கணக்கானவர்களின் தட்டில் சோறு போட்டிருக்கிறது. 1960-களில் ஆசியாவில் பெரிய உணவுத் தட்டுப்பாடு. அன்றைய நெல் ரகங்கள் நெடுநெடுவென்று வளரும். உரம் போட்டால் இன்னும் உயர்ந்து, கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். சாய்ந்தால் மகசூல் போச்சு.

1962-ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில், பீட்டர் ஜென்னிங்ஸ் என்ற விஞ்ஞானி இந்தோனேசியாவின் உயரமான 'பேட்டா' நெல்லையும், தைவானின் குட்டையான 'டீ-ஜியோ-வூ-ஜென்' நெல்லையும் கலந்தார். கிடைத்தவை 130 விதைகள்தான். விதைத்தால் அத்தனையும் நெட்டை. கணக்கு தெரியாதவர் என்றால் அங்கேயே கைவிட்டிருப்பார். அடுத்த தலைமுறையில் சுமார் 10,000 பயிர் வளர்த்தார்கள். ஏறத்தாழ கால் பங்கு குட்டை. குட்டைத்தன்மை ஒடுங்கு பண்பு என்பது உறுதியானது. அப்படியென்றால் அந்தக் குட்டைப் பயிர்களின் வாரிசுகள் எல்லாமே குட்டைதான். உயரம் என்ற பெரிய பிரச்னை இரண்டே தலைமுறையில் தீர்ந்தது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு பயிரின் வாரிசுதான் 1966-ல் வெளிவந்த ஐ.ஆர்.8. வட ஆற்காடு மாவட்ட விவசாயி ஒருவர், அந்த நெல் தந்த விளைச்சலில் மகிழ்ந்துபோய்த் தன் பையனுக்கே 'ஐ.ஆர்.எட்டு' என்று பெயர் வைத்தார்.

ஆனால், சோறு ஆறினால் கெட்டியாகிவிடுகிறது என்று இல்லத்தரசிகள் ஐ.ஆர்.8-ஐக் குறை சொன்னார்கள். அதுவும் நியாயமே. கலப்பில் கிடைத்தது உயரத்துக்கான தீர்வு. ருசிக்கு வேறு கலப்புகள் தேவைப்பட்டன. நம் வீட்டுப் பொன்னி அரிசியும் கலப்பின் பிள்ளைதான். தைவானின் தைசுங் 65-ம் மலேசியாவின் மாயாங் ஈபோஸும் சேர்ந்து பிறந்த மாசூரியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, 1986-ல் வெளிவந்தது வெள்ளைப் பொன்னி.

நெல்லில் மெண்டலின் கணக்கைச் சோதித்துப் பார்த்ததில் கோயம்புத்தூருக்கும் முக்கியப் பங்கு உண்டு. அங்கே 1912-ல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1917-லேயே எஃப்.ஆர்.பார்னல், ஜி.என்.ரங்கசாமி ஐயங்கார், கே.ராமையா மூவரும் நெல்லின் பண்புகள் எப்படி வாரிசுக்குப் போகின்றன என்று ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள். மெண்டலை உலகம் திரும்பக் கண்டெடுத்து அப்போது 17 வருடங்கள்தான் ஆகியிருந்தன.

கணக்கு உதைக்கும் இடங்கள்

எல்லாப் பண்பும் இப்படி ஒழுங்காக நாலு கட்டத்துக்குள் அடங்காது.

வாசலில் சாயங்காலம் பூக்கும் அந்திமந்தாரையைப் பார்க்கலாம். சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் பிள்ளைகள் இளஞ்சிவப்பு. இங்கே எந்தச் சீட்டும் முழுசாக ஜெயிக்கவில்லை. இளஞ்சிவப்பின் விதையைப் போட்டால் ஒரு சிவப்பு, இரண்டு இளஞ்சிவப்பு, ஒரு வெள்ளை என்ற விகிதத்தில் வரும். எத்தனை தலைமுறை முயன்றாலும் இளஞ்சிவப்பு மட்டுமே தரும் விதையை இந்தக் கலப்பிலிருந்து எடுக்க முடியாது. ஏனென்றால், இளஞ்சிவப்பு என்பதே இரண்டு சீட்டும் வேறு வேறாக இருப்பதால் வருவது.

சில பண்புகள் சேர்ந்தே பயணிக்கும். இரண்டு பண்புகளின் மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பிரிக்க முடியாத சிநேகிதர்கள் மாதிரி பெரும்பாலும் ஒன்றாகவே வாரிசுக்குப் போகும். அப்போது 9:3:3:1 பொய்த்துவிடும்.

மகசூல், காயின் எடை, ருசி போன்றவை ஒரே மரபணுவின் வேலை அல்ல. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். அதற்கு மேல் வெயில், தண்ணீர், உரம் எல்லாம் சேரும். இரண்டு உயரமான செடிகளின் பிள்ளை, தொட்டி சின்னதாக இருந்தால் குட்டையாகத்தான் நிற்கும். அது பரம்பரை இல்லை, தொட்டியின் குற்றம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பாகற்கொடி பக்கத்தில் வெள்ளரி வைத்தால் வெள்ளரிக்காய் கசந்துவிடும் என்று சிலர் பயப்படுவார்கள். அப்படி நடக்காது. இரண்டும் வேறு வேறு இனம், கலக்கவே கலக்காது. ஒரே இனத்துக்குள் கலந்தாலும், நாம் சாப்பிடும் காயின் சதை தாய்ச் செடியின் உடம்பு. வண்டு எந்தப் பூவின் மகரந்தத்தைக் கொண்டு வந்தாலும் இந்த வருடக் காய் மாறாது. கலப்பு விதைக்குள் இருக்கும். அடுத்த வருடச் செடியில்தான் தெரியும்.

மதுரவாயலில் வாழ்ந்த மேதை

நாலு கட்டமே உடைந்துபோகும் பயிர் ஒன்று இருக்கிறது. அது கரும்பு. அதன் புதிரோடு மல்லுக்கட்டிய பெண் விஞ்ஞானி ஒருவர், தன் கடைசிக் காலத்தைக் கழித்த இடம் முகப்பேருக்குப் பக்கத்து ஊர். நொளம்பூரைக் கடந்து கூவத்தைத் தாண்டினால் வரும் மதுரவாயல்தான் அது. அவர் பெயர் ஜானகி அம்மாள்.

1897-ல் கேரளத்தின் தலச்சேரியில் பிறந்தவர். பெண்கள் பள்ளி தாண்டிப் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போய், 1931-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அவர் உருவாக்கிய கலப்பினக் கத்தரிக்கு 'ஜானகி பிரெங்கால்' என்றே பெயர்.

1934-ல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அந்த நிலையம் ஏற்கெனவே ஒரு சாதனை செய்திருந்தது. நம் ஊர் 'வெள்ளை' கரும்பு இனிப்பானது, ஆனால் வட இந்தியக் குளிரும் வறட்சியும் தாங்காது. கோவைப் பக்கம் தானாக வளரும் நாணல் வகைக் காட்டுக்கரும்பு இனிப்பில்லாதது, ஆனால் எதையும் தாங்கும். சி.ஏ.பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் இரண்டையும் கலந்தார்கள். 1918-ல் பிறந்தது 'கோ 205'. 'கோ' என்பது கோயம்புத்தூரின் முதல் எழுத்து. இன்றுவரை 'கோ' என்ற எழுத்தோடு புதிய கரும்பு ரகங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

கரும்பில் ஏன் கணக்கு உதைக்கிறது? கத்தரியிடம் 24 குரோமோசோம். 12 ஜோடி. ஒவ்வொரு பண்புக்கும் இரண்டே சீட்டு. 'வெள்ளை' போன்ற கரும்பிலோ 80 குரோமோசோம். இன்றைய கலப்பினக் கரும்புகளில் 100-க்கும் மேல். ஒரே பண்புக்கு இரண்டு சீட்டுக்குப் பதிலாக எட்டு, பத்து என்று இருக்கும். நாணயம் இரண்டு என்றால் கணக்குப் போடலாம். கை நிறைய அள்ளி வீசினால்? அதனால் ஆயிரக்கணக்கில் நாற்று வளர்த்து, நல்லதைப் பொறுக்குவதுதான் வழி.

ஒரு சௌகரியம் உண்டு. கரும்பை விதை போட்டு வளர்ப்பதில்லை. கரணை வெட்டி நடுகிறோம். கரணை என்பது தாயின் துண்டு. அதில் சீட்டுக் குலுக்கலே கிடையாது. லட்சத்தில் ஒரு நல்ல கரும்பு கிடைத்துவிட்டால் அதையே வெட்டி வெட்டி நாடு முழுக்க நடலாம். வாழைக்கன்றும் மல்லிகைப் பதியமும் தலைமுறை தலைமுறையாக மாறாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

கரும்பை எதனோடு கலக்க முடியும் என்று ஜானகி அம்மாள் துணிந்து சோதித்தார். சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும்கூடக் கலந்து பார்த்தார். பிறந்தவற்றின் குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணி, யார் எதைக் கொடுத்தார்கள் என்று கண்டறிந்தார். பிறகு லண்டன் போய் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1945-ல் சி.டி.டார்லிங்டனோடு சேர்ந்து, மனிதன் வளர்க்கும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் திரட்டிப் பெரும் நூலாக வெளியிட்டார். கலப்பு செய்கிறவர்களுக்கு அது ஜாதகப் புத்தகம் மாதிரி. எண்ணிக்கை பொருந்தாத இரண்டைச் சேர்த்தால் பிள்ளை மலடாகலாம் என்பதை முன்பே யோசிக்க அது உதவும். நாம் சாப்பிடும் வாழைப்பழம் பலவற்றில் விதை இல்லாததற்கும், அவற்றில் குரோமோசோம் இரண்டு செட்டுக்குப் பதில் மூன்று செட் இருப்பது முக்கியக் காரணம்.

பட்டாணி ஏன் சுருங்குகிறது என்ற மெண்டல் காலத்துப் புதிரை, அதே ஜான் இன்னஸ் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1990-ல் அவிழ்த்தார்கள். மாவுச்சத்தை உருவாக்க உதவும் ஒரு மரபணுவின் நடுவே வேறொரு துண்டு வந்து செருகிக்கொண்டதுதான் காரணம். மாவு குறைந்து சர்க்கரை கூடுகிறது; விதை அதிகத் தண்ணீரை இழுத்து உப்புகிறது; காயும்போது சுருங்குகிறது.

நேருவின் அழைப்பில் 1951-ல் நாடு திரும்பிய ஜானகி அம்மாள், இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைத்தார். 1970-ல் சென்னைக்கு வந்து, மதுரவாயலில் இருந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் வயல் ஆய்வகத்திலேயே தங்கி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1977-ல் பத்மஸ்ரீ. 1984 பிப்ரவரியில் மறையும்வரை செடிகளோடுதான் வாழ்க்கை. அப்போது வயது 86. இங்கிலாந்தில் ஒரு மக்னோலியா மரவகை இன்றும் அவர் பெயரைச் சுமந்து பூக்கிறது.

மனிதர்களுக்கும் இந்தக் கட்டம் உண்டா?

மூக்கு, உயரம், நிறம் இவற்றையெல்லாம் நாலு கட்டத்தில் சொல்லிவிட முடியாது. அவை பல மரபணுக்களின் கூட்டு வேலை. ஆனால், தலசீமியா போன்ற சில ரத்த நோய்கள் கத்தரி முள் கணக்கை அப்படியே பின்பற்றுகின்றன. அந்தக் குறையை ஒற்றைச் சீட்டாக வைத்திருக்கும் அப்பாவும் அம்மாவும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். இருவரிடமும் அது இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. 'முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு, இனி மூணு பிள்ளைக்கு வராது' என்பது தப்புக் கணக்கு. ஒவ்வொரு முறையும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது. நெருங்கிய உறவில் திருமணம் செய்யும்போது, இருவரும் ஒரே தாத்தா பாட்டி வழியாக ஒரே சீட்டை வாங்கியிருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ரத்தப் பரிசோதனை செய்தால் முன்பே தெரிந்துகொள்ளலாம். ஜாதகத்தோடு இதையும் பார்ப்பது நல்லது.

விதை எடுக்கும் முன்...

* பாக்கெட்டில் 'எஃப்1' அல்லது 'ஹைபிரிட்' என்று இருந்தால், அது முதல் தலைமுறைக் கலப்பு. அதிலிருந்து எடுக்கும் விதை பெரும்பாலும் முளைக்கும், காய்க்கும். ஆனால் ஒரே மாதிரி வராது. மரபணு மாற்றப்பட்ட விதை என்பது இதிலிருந்து வேறு. ஹைபிரிட் என்பது மகரந்தக் கலப்பு மட்டுமே.

* வருடா வருடம் வீட்டு விதையையே போட நினைப்பவர்கள், நாட்டு ரகத்தையோ, கலப்பினம் அல்லாத ரகத்தையோ வாங்குவது நல்லது.

* தக்காளி, அவரை பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறும். கத்தரியும் வெண்டையும் ஓரளவுக்குப் பூச்சிகளால் கலந்துவிடும். விதைக்கு விடும் மொட்டை, விரிவதற்கு முந்தின மாலையே மெல்லிய துணிப்பையால் மூடி, பிஞ்சு பிடித்ததும் எடுத்துவிடலாம். அந்தக் காம்பில் ஒரு நூலைக் கட்டி வைத்தால் அடையாளம் தெரியும்.

* பூசணி, சுரை, புடலை, பாகலில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஒரே இனத்தில் இரண்டு ரகம் பக்கத்தில் இருந்தால் விதை கலந்துவிடும். அதே ரகத்து ஆண் பூவின் மகரந்தத்தைக் கையால் தடவி, பெண் பூவை மூடிவிட வேண்டும்.

* ஒரே செடியின் விதையை மட்டும் எடுக்காமல், நன்றாக வந்த சில செடிகளிலிருந்து கலந்து எடுக்கலாம். ரகத்தின் பெயர், எடுத்த தேதி, காயின் குணம் எல்லாவற்றையும் டப்பாவில் எழுதி ஒட்டுவது அவசியம்.

* ஹைபிரிட் விதையிலிருந்து விதவிதமாக வந்த செடிகளை உடனே பிடுங்கி எறிய வேண்டாம். அதில் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூடி வைத்து விதை எடுத்து, அடுத்தடுத்து 6, 7 தலைமுறை இப்படியே தேர்வு செய்துகொண்டு போனால், ஒவ்வொரு முறையும் கலப்பு பாதியாகக் குறையும். கடைசியில் ஏறக்குறைய நிலையான சொந்த ரகம் ஒன்று கையில் இருக்கும். அதற்குப் பெயர் வைக்கும் உரிமை அந்த வீட்டுக்காரர்களுக்கே!